அடைக்கல நகருக்குப் போகும் சாலை



நவம்பர் மாதம் முழுவதும் நாம் இறந்தோருக்காகச் செபிக்கிறோம். இம்மாதத்தின் மூன்றாம் ஞாயிறைச் சாலை விபத்துகளில் மாண்டவர்களை நினைவுகூரும் நாளாக ஐக்கிய நாடுகள் அவை 2005-இல் ஏற்றுக்கொண்டது. இன்று அந்த ஞாயிறு.

நினைவுகூர நமக்கு வெளியூர் போக வேண்டியதில்லை. 2022 மார்ச் 26, சனிக்கிழமை இரவு. தர்மாவரத்திலிருந்து நிச்சயதார்த்தத்துக்காகத் திருப்பதிப் பக்கம் வந்துகொண்டிருந்த பேருந்து பாகராப்பேட்டை காட் ரோட்டில் பள்ளத்தில் விழுந்தது. மறுநாள் தட்டு மாற்ற வேண்டிய வீட்டார், விடியற்காலையில் ரூயா மருத்துவமனை வாசலில் நின்றார்கள். 2024 செப்டம்பர் 13 அன்று மொகிலி காட் ரோட்டில் அரசுப் பேருந்தும் லாரியும் மோதி எட்டுப் பேர் மாண்டார்கள். சித்தூரிலிருந்து பலமநேருக்கோ பெங்களூருக்கோ போகிற நம் பிள்ளைகள் அன்றாடம் கடக்கும் ஏற்ற இறக்கம் அது. 2022-ஆம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள் என்றும், பத்துச் சாவில் ஏழுக்கு அதிவேகமே காரணம் என்றும் மத்திய அரசின் அறிக்கை சொல்கிறது.

மாண்டவர்களுக்காகத் திருப்பலியில் மன்றாடுவோம். மறையுரையில் நான் பேச விரும்புவது ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் தம்பிகளோடு. குறிப்பாக ஒரு வகைத் தம்பியோடு. மூன்று நான்கு வருடங்களுக்கு முன் எப்படியெல்லாம் ஓட்டினோம் என்று இப்போது நினைத்தால் அவனுக்குக் கை நடுங்குகிறது. இறக்கத்தில் டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் உருட்டியவன். வளைவில் எதிரே என்ன வருகிறதென்று தெரியாமலே ஓவர்டேக் செய்தவன். சென்னைக்கும் திருப்பதிக்கும் தூக்கமில்லாமல் அடுத்தடுத்து டிரிப் அடித்தவன். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இப்போது அவனுக்குக் கல்யாணம் ஆகியிருக்கலாம், மடியில் ஒரு குழந்தை இருக்கலாம். அந்தக் குழந்தையைப் பார்க்கும்போது, பழைய சாலையில் பிரேக் பிடித்த வண்டி ஒரு சாண் தள்ளி நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நெஞ்சு அடைக்கிறது.

இதை வீட்டில் சொன்னால் பெரியவர்கள் அன்பாகத்தான் பதில் சொல்வார்கள்: “அதான் ஒண்ணும் ஆகலையே, விடுப்பா.” அந்த அன்பை நான் மதிக்கிறேன். ஆனால் விவிலியம் அப்படி விட்டுவிடவில்லை. புது வீடு கட்டினால் மொட்டைமாடியைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர் எழுப்ப வேண்டும் என்று இணைச்சட்ட நூல் 22-ஆம் அதிகாரம் கட்டளையிடுகிறது. யாராவது விழுந்தால் அந்த இரத்தப்பழி வீட்டின்மேல் வரும் என்று காரணமும் சொல்கிறது. இன்னும் ஒருவரும் விழவில்லை. வீட்டுக்குக் குடியே போகவில்லை. அதற்குள் கடவுள் சுவரைக் கேட்கிறார். குடிபோதையாலோ வேக மோகத்தாலோ தன் உயிரையும் பிறர் உயிரையும் ஆபத்தில் தள்ளுகிறவர் பெருங்குற்றத்துக்கு ஆளாகிறார் என்று கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலும் 2290-ஆம் பத்தியில் கற்பிக்கிறது. விபத்து நடந்தால்தான் குற்றம் என்று அது சொல்லவில்லை. ஆபத்தில் தள்ளியதே குற்றம். ஆகையால் தம்பி, உன் நெஞ்சு உறுத்துகிறதே, அது நோயில்லை. உன் மனச்சான்று சரியாகப் பேசுகிறது.

வளைவில் செய்த அந்த ஓவர்டேக்கில் உயிர்தப்பியது நம் திறமையால்தான் என்று பலர் இன்னும் நம்புகிறோம். நாற்பதில் போகும் வண்டி எண்பதுக்கு ஏறினால், பிரேக் அழுத்திய பிறகு ஓடும் தூரம் இரண்டு மடங்கு ஆவதில்லை, நான்கு மடங்கு ஆகிறது. நீண்ட இறக்கத்தில் கியரின் பிடியில்லாமல் பிரேக்கை மட்டுமே மிதித்துக்கொண்டு வந்தால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். ஜூன், ஜூலையில் தோத்தாபுரி மாங்காய் ஏற்றிய டிராக்டர்கள் கூழ் தொழிற்சாலை வாசலில் இரவெல்லாம் வரிசையாக நிற்கும். பல டிரெய்லர்களுக்குப் பின்விளக்கே இராது. புரட்டாசியில் மஞ்சள் துணி உடுத்தித் திருமலைக்கு நடந்துவரும் யாத்திரிகர்கள் சாலையோரத்தை நம்பித்தான் நடக்கிறார்கள், நம் மக்கள் வேளாங்கண்ணிக்கு நடப்பதைப் போலவே. இத்தனைக்கும் நடுவில் ஒன்றும் ஆகாமல் ஒருவன் வீடு வந்து சேர்ந்தான் என்றால், யாரோ ஒருவர் கடைசி நொடியில் ஒதுங்கிக்கொண்டார். அவர் யாரென்று அவனுக்குத் தெரியாது.

அலிபிரியிலிருந்து திருமலைக்குப் போகும் வண்டிகளுக்குத் தேவஸ்தானம் நேரக் கணக்கு வைத்திருப்பது உங்களுக்குத் தெரியும். ஏற இருபத்தெட்டு நிமிடம், இறங்க நாற்பது. அதற்கு முன்னால் வந்து சேர்ந்தால் வேகமாக வந்தாய் என்று பொருள். நம் அண்டை வீட்டார் தங்கள் மலைப்பாதைக்கு எழுப்பிய கைப்பிடிச் சுவர் அது. மலைக்கு வெளியே அப்படிக் கடிகாரம் பார்க்க யாருமில்லை.

முன்கண்ணாடியில் செபமாலையும் பின்கண்ணாடியில் வேளாங்கண்ணி மாதாவும் இருக்க, நமக்கென்ன என்று மிதிக்கிறவர்களும் உண்டு. கோயில் உச்சியிலிருந்து குதித்தால் வானதூதர்கள் தாங்கிக்கொள்வார்கள் என்று இயேசுவிடம் சொன்னது யார்? அலகை. இயேசு குதிக்கவில்லை, ஆண்டவரைச் சோதிக்கக் கூடாது என்று மறுத்துவிட்டார். மாதா படத்தை ஒட்டிக்கொண்டு வளைவில் கண்மூடித்தனமாக வேகமெடுப்பது அந்தச் சோதனைக்குத் தலையாட்டுவதுதான்.

ஆனால் எல்லாக் குற்றமும் ஒரே எடை என்று சொல்லிவிட முடியாது. மரம் வெட்டும்போது கோடரி காம்பிலிருந்து கழன்று பக்கத்திலிருந்தவர்மேல் பட்டு அவர் இறந்தால், வெட்டியவன் கொலைகாரன் இல்லை என்று இணைச்சட்டம் 19 சொல்கிறது. விடுதலைப் பயணம் 21-இல் இன்னொரு வழக்கு. ஒரு மாடு முட்டி ஒருவர் இறக்கிறார். முன்பு முட்டாத மாடு என்றால் உரிமையாளருக்குப் பழியில்லை. ஆனால் அது முட்டும் மாடு என்று ஊராரே எச்சரித்தும் கட்டாமல் விட்டிருந்தால் பழி அவன்மேல்தான். டயர் திடீரென்று வெடித்தவன் கோடரி கழன்றவன். தூக்கத்தோடு ஓட்டாதே என்று மனைவி சொல்லியும் சாவியை எடுத்தவன் இரண்டாவது ஆள். உன் நினைவில் இருப்பது எது என்று நீயே கடவுள் முன்னிலையில் பிரித்துப் பார். கோடரியை மாடாக்கிக்கொண்டு உன்னை வதைக்காதே. மாட்டைக் கோடரி என்று சொல்லித் தப்பவும் பார்க்காதே.

தெரியாமல் கொன்றவனுக்காகக் கடவுள் ஆறு அடைக்கல நகரங்களை ஒதுக்கினார். பழிவாங்க வருகிறவன் பிடிப்பதற்குள் அங்கே ஓடிவிடலாம். அந்த நகரங்களுக்குப் போகும் சாலையை முன்கூட்டியே அமைத்து வைக்கவும் கட்டளையிட்டார். கை தவறியவன் ஓடுவதற்கு வழி போட்டுத் தரும் கடவுள் அவர்! ஆனால் அவன் அங்கேயே இருக்க வேண்டும், வீடு திரும்பக் கூடாது. எதுவரை? எண்ணிக்கை நூல் 35 தெளிவாகச் சொல்கிறது: தலைமைக்குரு இறக்கும்வரை. அவர் இறந்த பின் அவன் தன் நிலத்துக்குத் திரும்பலாம், ஒருவரும் அவனைத் தொடக் கூடாது.

தம்பி, நம் தலைமைக்குரு கல்வாரியில் இறந்தார். அடைக்கல நகரின் கதவு திறந்துவிட்டது. மாட்டைக் கட்டாமல் விட்டவனுக்கும் மனந்திரும்பினால் இந்தக் கதவு உண்டு என்பதே நற்செய்தி. ஸ்தேவானைக் கல்லால் எறிந்தவர்களின் மேலாடைகளைக் காத்துக்கொண்டிருந்த இளைஞர் சவுலுக்கே அது திறந்தது. ஒப்புரவு அருட்சாதனத்துக்கு வா. “வேகமாக ஓட்டினேன் சாமி” என்று ஒரே வரியில் முடித்துவிடாதே. எதற்காக ஓட்டினாய், யாரை ஏற்றிக்கொண்டு ஓட்டினாய், யார் சொல்லியும் கேட்கவில்லை என்று சொல். பாவமன்னிப்பு பெற்ற பிறகும் நினைவு வரும். நினைவு வருவது வேறு, பழி இருப்பது வேறு. சிலருக்கு இது முற்றிவிடுகிறது: பள்ளத்தில் வண்டி குதித்தாலே யாரையோ இடித்துவிட்டோமோ என்று திரும்பிப் போய்ப் பார்க்கிறார்கள், ஒரே பாவத்தை மறுபடி மறுபடி வந்து அறிக்கையிடுகிறார்கள். அவர்கள் ஒரே ஆன்மகுருவின் சொல்லைப் பிடித்துக்கொள்ளட்டும், மனநல மருத்துவரையும் பார்க்கட்டும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இங்கே இன்னொருவரும் உட்கார்ந்திருக்கக்கூடும். ஒன்றும் ஆகவில்லை என்று சொல்ல முடியாதவர். உண்மையாகவே ஒருவரை இடித்துவிட்டு நிற்காமல் போனவர். அண்ணா, தம்பி, உங்களிடம் நான் மென்மையாகப் பேசலாம், பொய்யாகப் பேச முடியாது. கடவுள் மன்னிப்பார். அடிபட்டவருடைய வீட்டாருக்கு நீங்கள் பட்ட கடன் அதனால் தீர்ந்துவிடாது. அடிபட்டவருக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்வது ஓட்டுநரின் கடமை என்று மோட்டார் வாகனச் சட்டம் சொல்கிறது. கவனக்குறைவால் உயிர் போனால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவின்படி ஐந்தாண்டு வரை சிறை உண்டு. அந்தக் குடும்பம் தீர்ப்பாயத்தில் இழப்பீடு கேட்க வேண்டுமென்றால் இடித்த வண்டி எது என்று தெரிய வேண்டும். நீங்கள் மௌனமாக இருக்கும் ஒவ்வொரு மாதமும் அவர்களுக்குச் சேர வேண்டியது தள்ளிப்போகிறது. சக்கேயு விருந்து வைத்ததோடு நிற்கவில்லை, ஏமாற்றியதை நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாக எழுந்து நின்று சொன்னார். நல்ல வழக்கறிஞரைப் பாருங்கள். காவல் நிலையத்துக்குப் போகத் துணை வேண்டுமென்றால் நான் வருகிறேன்.

பெற்றோரே, வண்டி முதலாளிகளே, தம்பிகளை மட்டும் குற்றம் சொல்லிவிட்டு நாம் நழுவக் கூடாது. பதினெட்டு ஆகாத பையனுக்கு பைக் சாவியைக் கொடுத்தால் மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் பெற்றோருக்கும் வண்டி உரிமையாளருக்கும்தான். விடிய விடிய ஓட்டியவனை, காலையில் அடுத்த டிரிப்புக்குப் போ என்று அனுப்புகிறவர் முட்டும் மாட்டை அவிழ்த்துவிடுகிறவர்.

பரிகாரம் என்ன செய்வது சாமி என்று கேட்கிற தம்பிக்குச் சில வேலைகள் உண்டு. ரூயாவிலும் வேலூர் சி.எம்.சி.யிலும் விபத்தில் அடிபட்டு வருகிறவர்களுக்கு எந்நேரமும் இரத்தம் தேவைப்படுகிறது, போய்க் கொடு. எரிகோ சாலையில் அடிபட்டுக் கிடந்தவரைத் தன் கழுதைமேல் ஏற்றிய சமாரியரைப் போல, நீ ஓட்டும் சாலையில் யாராவது விழுந்து கிடந்தால் வண்டியை நிறுத்து, 108-ஐக் கூப்பிடு. 2019 சட்டத் திருத்தத்தின் 134-ஏ பிரிவு உதவி செய்கிறவரைக் காக்கிறது. பெயர் சொல்லும்படி உன்னைக் கட்டாயப்படுத்த முடியாது. கூட ஓட்டும் சின்னப் பையன் நியூட்ரலில் இறக்கும்போது, உன் கதையை அவனிடம் சொல்.

இன்றைய நம்பிக்கையாளர் மன்றாட்டில் பாகராப்பேட்டையிலும் மொகிலியிலும் மாண்டவர்களுக்காக வேண்டுவோம். அவர்களை ஏற்றி வந்த ஓட்டுநர்களையும் சேர்த்தே வேண்டுவோம். திருப்பலி முடிந்ததும் வழக்கம்போல் ஒப்புரவுப் பீடத்தில் இருப்பேன். இரவு வண்டி எடுக்க வேண்டியவர்கள் வரிசையில் முதலில் வரட்டும், மற்றவர்கள் வழி விடுங்கள். இப்போது நம்பிக்கை அறிக்கைக்கு எழுந்து நிற்போம்.