ஆச்சிக்கு யார் கணக்குக் காட்டுவது?

"வேலையையும் குடும்பத்தையும் எப்படி பேலன்ஸ் பண்றது?" என்று கேட்கிற கல்யாணமான ஆண், தன் கையில் ஒரு தராசு இருப்பதாக நினைத்துக்கொள்கிறார். ஒரு தட்டில் ஆபீஸ், மறு தட்டில் வீடு. ஆனால் தராசை அவரிடம் கொடுத்தது யார்? இதை யோசிக்கச் செட்டிநாட்டைவிடப் பொருத்தமான இடம் இல்லை.

நூறு வருஷத்துக்கு முன் காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்து நகரத்தார் ஆண்கள் பர்மா, மலாயா, இலங்கை என்று "கொண்டுவிக்க"ப் போனார்கள். கடைக்கு ஏஜெண்டாகப் போனால் கெடு பொதுவாக மூன்று வருஷம். குடும்பம் ஊரிலேயே இருக்கும். அவர்களுக்குக் கிட்டங்கிதான் கடை, அதுதான் வீடு. போகும்போது வயிற்றில் இருந்த பிள்ளை, திரும்பி வரும்போது அம்மா சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு "இவுக யாரு?" என்று கேட்டிருக்கும்.

அந்த மனிதரிடம் கேட்டால், "எல்லாம் இவுகளுக்காகத்தானே" என்றிருப்பார். அது பொய்யில்லை. ஆனால் கணக்காகப் பார்த்தால் அது பாதிதான்.

நகரத்தார் கடைகளில் புழங்கிய பணத்தில் "ஆச்சிமார் பணம்" என்று ஒரு வகை உண்டு. பெண்கள் கொண்டுவந்த சீதனப் பணம் வட்டிக்கு விடப்பட்டு, தொழிலுக்கு முதலாக ஓடியது. ஊரிலோ, கல்யாணமானதும் "வேறு வைத்து" விடுவார்கள். ஒரே வளவு வீட்டுக்குள் தனி அடுப்பு, தனிச் செலவு. அந்தச் சிக்கனமான குடித்தனத்தை நடத்தியது ஆச்சி. அவர் இல்லாமல் இவர் கப்பலேறியிருக்க முடியாது. அப்படியென்றால் ஆச்சி சம்பாத்தியத்தை வாங்கிக்கொள்பவர் அல்ல, பங்காளி.

1942இல் ஜப்பான் படை பர்மாவுக்குள் புகுந்தது. அங்கே போட்ட முதலில் பெரும்பகுதி திரும்பவே இல்லை. நஷ்டம் வீடு வரைக்கும் வந்தது. லாபத்தில் மட்டும் "உங்களுக்காக", நஷ்டத்தில் மட்டும் எல்லோரும் பங்காளியா?

இன்றைக்கு அதே ஊர்ப் பையன்கள் சிங்கப்பூரிலும் பெங்களூரிலும் இருக்கிறார்கள். தினமும் வீடியோ காலில் முகம் தெரிகிறது. ஆனால் பழைய ஏஜெண்டுக்கு இருந்த ஒன்று இவர்களுக்கு இல்லை: கெடு. "இந்த ப்ராஜெக்ட் முடியட்டும்" என்பதற்கு மூன்று வருஷம் என்ற எல்லைகூடக் கிடையாது.

"அப்ப வேலையை விட்டுடணுமா? வீட்டுக் கடனை யார் கட்டுறது?" நியாயமான கேள்விதான். பிரிவு சில சமயம் தவிர்க்க முடியாதது. சாயங்காலம் ஆறு மணிக்கு வீட்டுக்கு வருவது எல்லோருக்கும் வாய்க்காது. ஆகவே எத்தனை மணி நேரம் வீட்டில் இருக்கிறோம் என்பதை மட்டும் வைத்து யாரையும் அளக்க முடியாது. அந்த முடிவை எடுக்கும்போது யார் யார் உட்கார்ந்து பேசினார்கள், எவ்வளவு காலம் என்று சொன்னோமா, வேண்டாம் என்று சொல்ல மனைவிக்கு இடமிருந்ததா என்றுதான் கேட்க வேண்டும்.

ஏஜெண்ட் ஊர் திரும்பியதும் முதலாளியிடம் பேரேட்டை விரித்துக் கணக்கு ஒப்படைத்தார். ஆச்சியிடம் அப்படி எந்தப் பேரேடும் விரிக்கப்படவில்லை. அவர் கேட்டிருந்தால், மூன்று வருஷத்தை எந்தப் பக்கத்தில் எழுதுவது என்று அந்தத் தேர்ந்த கணக்காளருக்கே தெரிந்திருக்காது.