இராகாபின் வீடும் ஆக்கானின் கூடாரமும்



எரிக்கோவின் மதில் விழுந்த வரலாறு நம் சிறுபிள்ளைகளுக்கும் தெரிந்ததே. ஆறு நாட்கள் நாளுக்கு ஒருமுறையும், ஏழாம் நாள் ஏழுமுறையும் இஸ்ராயேல் மக்கள் நகரைச் சுற்றி வந்தார்கள். ஏழு குருக்கள் ஏழு எக்காளங்களை ஊத, ஆண்டவரின் பேழை உடன் சென்றது. ஈற்றில் மக்கள் ஆரவாரம் செய்யவே மதில் விழுந்தது. இந்த இடத்தில் நாம் கதையை நிறுத்திவிடுகிறோம். ஆனால் யோசுவா ஆகமம், மதில் விழுவதற்கு முன் ஒரு வீட்டையும், விழுந்தபின் ஒரு கூடாரத்தையும் நமக்குக் காட்டுகின்றது. இவ்விரண்டையும் சேர்த்து வாசிக்கும்போதுதான் அந்த வரலாறு நம் குடும்பங்களுக்குப் பேசத் தொடங்கும்.

ஆண்டவர் யார் பக்கம்?

எரிக்கோவுக்கு அருகில் யோசுவா நின்றபோது, உருவிய வாளுடன் ஒருவர் தமக்கு எதிரே நிற்பதைக் கண்டார். நீர் எங்களைச் சேர்ந்தவரா, எங்கள் பகைவரைச் சேர்ந்தவரா என்று கேட்டார். போர்க்களத்தில் எந்தத் தலைவனும் கேட்கும் கேள்வி அது. வந்தவரோ இரண்டுமில்லை என்றார். தாம் ஆண்டவருடைய சேனையின் தலைவராக வந்திருப்பதாக அறிவித்தார். யோசுவா முகங்குப்புற விழுந்து வணங்கினார். அவர் நின்ற இடம் புனிதமானது, ஆகையால் காலணியைக் கழற்றவேண்டும் என்ற கட்டளை அவருக்குக் கிடைத்தது.

தெரிந்துகொள்ளப்பட்ட மக்களின் தலைவனுக்கே கிடைத்த பதில் இது! ஆண்டவர் நம் கட்சியில் சேரும் ஆள் அல்லர். நாம் அவர் பக்கம் நிற்கிறோமா என்பதே கேள்வி. இதற்குச் சான்றாகவே மறைநூல் அந்த வீட்டையும் அந்தக் கூடாரத்தையும் நம்முன் வைக்கின்றது.

மதிலின் மேல் ஒரு வீடு

இராகாப் கானானியப் பெண். எரிக்கோவில் விலைமகளாக வாழ்ந்தவள். அவளுடைய வீடு நகரின் மதிலோடு சேர்ந்திருந்தது. வேவுபார்க்க வந்த இருவரையும் அவள் கூரையின் மேல் சணல் தட்டைகளுக்குள் ஒளித்து வைத்தாள். இஸ்ராயேலின் ஆண்டவரே விண்ணிலும் மண்ணிலும் கடவுள் என்று வாயாரச் சொன்னாள். திருச்சட்டத்தை ஒருநாளும் படித்தறியாதவள் அவள், கேள்விப்பட்டதைக்கொண்டே விசுவசித்தாள். தனக்காக மாத்திரம் அவள் மன்றாடவில்லை. தகப்பன், தாய், சகோதரர், சகோதரிகள் எல்லாருக்காகவும் உயிர்ப்பிச்சை கேட்டாள். அடையாளமாகச் சன்னலில் ஒரு சிவப்புக் கயிற்றைக் கட்டினாள். அந்த வீட்டுக்குள் இருந்த அனைவரும் பிழைத்தார்கள்.

புனித கிளமெந்து பாப்பரசர் முதலாம் நூற்றாண்டின் இறுதியில் கொரிந்தியருக்கு எழுதிய திருமுகத்தில், அந்தச் சிவப்புக் கயிறு ஆண்டவருடைய திரு இரத்தத்தைக் குறிக்கின்றது என்று விளக்கினார். எபிரேயருக்கு எழுதிய திருமுகமும், புனித யாகப்பரின் திருமுகமும் இராகாபைப் புகழ்கின்றன. புனித மத்தேயு அதற்கும் மேலே செல்கிறார். இயேசுநாதரின் வம்ச வரிசையில், யூதா கோத்திரத்துச் சல்மோனின் துணைவியாகவும் போவாசின் தாயாகவும் அவளுடைய பெயரை எழுதி வைத்திருக்கிறார்.

நிலத்துக்குள் ஒரு பொருள்

ஆக்கானும் அதே யூதா கோத்திரத்தவன். பேழையின் பின்னே நடந்தவன்; மதில் விழுந்ததைக் கண்ணாரக் கண்டவன். எரிக்கோவின் பொருள்களில் எதையும் எவரும் தமக்கென்று எடுக்கலாகாது என்ற கட்டளையை அவனும் கேட்டிருந்தான். என்றாலும் பாபிலோன் நாட்டு அழகிய மேலாடை ஒன்றையும், 200 செக்கேல் வெள்ளியையும், 50 செக்கேல் நிறையுள்ள பொன் பாளத்தையும் எடுத்துத் தன் கூடாரத்தின் நடுவே புதைத்துவிட்டான்.

அடுத்து ஆயி என்ற சிற்றூரை எதிர்த்துச் சென்ற சுமார் 3000 பேர் தோற்றோடினார்கள். 36 பேர் மடிந்தார்கள். யோசுவா தம் ஆடையைக் கிழித்துக்கொண்டு, மாலைவரை பேழையின் முன் விழுந்து கிடந்தார். ஆண்டவரோ அவரை எழுந்திருக்கச் சொன்னார். அழுது மன்றாடினால் மாத்திரம் போதாது, மறைத்து வைத்ததை அகற்றவேண்டும் என்றார்.

மறுநாள் முதலில் கோத்திரம் குறிக்கப்பட்டது; பின்பு வம்சம், பின்பு குடும்பம், கடைசியில் ஆள். ஒவ்வொரு படியிலும் ஆக்கான் தானே முன்வந்திருக்கலாம். தன் பெயர் வரும்வரை அவன் வாய் திறக்கவில்லை. பிடிபட்ட பின்னரே, பார்த்தது, ஆசைப்பட்டது, எடுத்தது, மறைத்தது எல்லாவற்றையும் சொன்னான். ஆகோர் பள்ளத்தாக்கில் அவனுடைய முடிவு மிகவும் துயரமானதாயிற்று.

வெளியே இருந்த பெண் விசுவாசத்தினால் உள்ளே வந்தாள். உள்ளே பிறந்தவன் வஞ்சகத்தினால் வெளியே போனான். ஞானஸ்நானப் புத்தகத்தில் பெயர் உள்ள நாம் அனைவரும் நெஞ்சில் கைவைத்துச் சிந்திக்கவேண்டிய காரியம் இது.

ஒரு கடினமான கேள்வி

எரிக்கோவில் முதியவரும் குழந்தைகளும் வாளுக்கு இரையானதாக வாசிக்கும்போது நம் உள்ளம் நடுங்குகின்றது. போரை ஏட்டிலே மாத்திரமன்றித் தம் வீட்டு வாசலிலும் கண்ட நம் குடும்பங்களுக்கு அந்த நடுக்கம் நன்றாகவே விளங்கும். அதை மறைக்கத் தேவையில்லை. பழைய ஏற்பாட்டு நூல்களில் குறைவானவையும் அக்காலத்துக்கு மட்டுமே உரியவையும் உண்டு என்றும், அவற்றின் வழியாகவும் இறைவன் தம் மக்களைப் படிப்படியாகப் பயிற்றுவித்தார் என்றும் இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965ஆம் ஆண்டில் போதித்தது. இத்தகைய இருண்ட பகுதிகளைக் கிறிஸ்துவின் நற்செய்தி ஒளியிலேயே வாசிக்கவேண்டும் என்று பாப்பரசர் 16ஆம் ஆசீர்வாதப்பர் 2010ஆம் ஆண்டில் எழுதினார். 1952 முதல் 1958 வரை எரிக்கோவின் பழைய மேட்டை அகழ்ந்த கதலீன் கென்யன் அம்மையார், அங்கே கண்ட இடிந்த மதில்கள் யோசுவாவின் காலத்துக்கு மிகவும் முந்தியவை என்று முடிவு செய்தார். இதனால் நம் விசுவாசம் தளரவேண்டியதில்லை. மறைநூல் அந்த வரலாற்றைச் சொல்வது, இறைவனுக்கும் மனிதருக்கும் உள்ள உறவைக் காட்டுவதற்காகவே.

ஆகவே இந்த ஆகமத்தைக் காட்டி எந்த மனிதனும் மற்றொருவன்மீது வாள் ஓங்க முடியாது. வாளை உறையில் போடும்படி இராயப்பருக்குக் கட்டளையிட்டவர் நம் ஆண்டவர். மூன்றாம் நூற்றாண்டின் மறைநூல் அறிஞரான ஒரிஜன், யோசுவாவின் போர்களை நம் உள்ளத்திலுள்ள தீய நாட்டங்களோடு நாம் செய்யவேண்டிய போராகவே விளக்கினார்.

மீண்டும் எரிக்கோவில்

யோசுவா, இயேசு ஆகிய இரண்டும் மூலத்தில் ஒரே பெயர். ஆண்டவர் மீட்கிறார் என்பது அதன் பொருள். அந்தப் பெயர் தாங்கிய நம் மீட்பர் எரிக்கோவுக்கு வந்தபோது எந்த மதிலும் விழவில்லை. மரத்தின் மேல் இருந்த ஒருவனை அவர் இறங்கி வரச்சொன்னார். சக்கேயு ஆக்கானைப் போலவே பொருளாசையில் சிக்கியவன். ஆனால் எவரும் சீட்டுப்போட்டு அவனைக் கண்டுபிடிக்க நேரவில்லை. உடைமையில் பாதியை ஏழைகளுக்குக் கொடுப்பதாகவும், ஏமாற்றி வாங்கியதை நாலு மடங்காகத் திருப்பிக் கொடுப்பதாகவும் அவனே எழுந்து நின்று சொன்னான். அன்றே அந்த வீட்டுக்கு மீட்பு உண்டாயிற்று.

அன்பான பெற்றோரே, நம் வீட்டுச் சுவரில் திரு இருதயப் படம் தொங்குகின்றது. மாலையில் செபமாலை சொல்கிறோம். நல்லது. அந்தப் படத்தின் கீழே, நிலத்துக்குள் என்ன இருக்கிறது? சகோதரிக்குச் சேரவேண்டிய காணியின் உறுதியைப் பெட்டியில் பூட்டி வைத்திருக்கிறோமா? வேலைக்காரனின் கூலியில் ஒரு பங்கைப் பிடித்து வைத்திருக்கிறோமா? அயலவரிடம் கைமாற்றாக வாங்கியதை அவர் மறந்துவிட்டார் என்று நாமும் மறந்துவிட்டோமா? ஒருவனின் மறைவான பாவத்துக்காக 36 வீடுகளில் ஒப்பாரி எழுந்தது. நம் மறைவான அநீதிக்கும் யாரோ ஒரு வீட்டில் கண்ணீர் சிந்துகிறார்கள்.

ஆகோர் பள்ளத்தாக்கை நம்பிக்கையின் வாசலாக்குவேன் என்று ஆண்டவர் பிற்காலத்தில் ஓசேயா இறைவாக்கினர் வழியாக வாக்களித்தார். ஆக்கான் விழுந்த இடத்திலேயே நமக்கு வாசல் திறக்கின்றது. அந்த வாசல் பாவசங்கீர்த்தனத் தொட்டி அருகே உள்ளது. அதற்குள் நுழையும் முன் உரியவருக்கு உரியதைத் திருப்பிக் கொடுக்கத் தீர்மானிப்போம். நம் பெயர் வரும்வரை காத்திருக்க வேண்டாம். இராகாபைப் போல நம் வீட்டார் அனைவருக்காகவும் மன்றாடி, ஆண்டவருடைய திரு இரத்தத்தின் அடையாளத்தை நம் சன்னலில் கட்டுவோமாக.