ஆரோனின் வஸ்திரமும் நம்முடைய ஊழியமும்



யாத்திராகமம் 28-ம் அதிகாரத்தைத் திறந்து வைத்துக்கொண்டு இதை வாசியுங்கள். அந்த அதிகாரம் முழுக்க துணி, நூல், கல், மணி! ஆரோன் ஊழியத்தைத் தொடங்குகிறதற்கு முன்னே, அவன் என்ன உடுத்தவேண்டும் என்று கர்த்தர் சொல்லிவிட்டார்.

"தேவன் இருதயத்தைத்தானே பார்க்கிறார், சட்டையையா பார்க்கிறார்?" என்று சிலர் கேட்கிறார்கள். மெய்தான், 1 சாமுவேல் 16:7 அப்படித்தான் சொல்லுகிறது. ஆனால் மனுஷன் வெளித்தோற்றத்தைப் பார்க்கிறான் என்றும் அதே வசனம் சொல்லுகிறதே! நாம் சுவிசேஷம் சொல்லப் போவது அந்த மனுஷனிடத்தில்தானே, பிரியமானவர்களே?

இந்தப் பகுதியில் மூன்று இடங்களில், தவறினால் சாவு என்ற எச்சரிப்பு வருகிறது. பளபளக்கிற மார்ப்பதக்கத்துக்கு அந்த எச்சரிப்பு சொல்லப்படவில்லை. தோளில் வைத்த கற்களுக்கும் சொல்லப்படவில்லை. எவைகளுக்குச் சொல்லப்பட்டது? கவனியுங்கள்.

முதலாவது, கழுவும் தொட்டி (யாத். 30:17-21). ஆசரிப்புக் கூடாரத்துக்கும் பலிபீடத்துக்கும் நடுவே வெண்கலத் தொட்டி இருந்தது. ஆசாரியன் கையையும் காலையும் கழுவாமல் உள்ளே போகக்கூடாது. அந்தத் தொட்டி எதினால் செய்யப்பட்டது? ஸ்திரீகள் கொடுத்த தர்ப்பணங்களினால், அதாவது முகம் பார்க்கும் கண்ணாடிகளினால் (யாத். 38:8). அந்தக் காலத்துக் கண்ணாடி வெண்கலத்தில்தான் இருக்கும். அழகு பார்க்கிற கண்ணாடி அழுக்கு கழுவுகிற தொட்டியாக மாறிற்று. அல்லேலூயா! ஊழியக்காரனுடைய தோற்றத்துக்கு இதுதான் அளவு. அவன் அழகு பார்த்துக்கொண்டே நிற்கக்கூடாது, அழுக்கோடும் நிற்கக்கூடாது.

வியாதியஸ்தன் தலையில் கைவைத்து ஜெபிக்கிற சகோதரனே, உன் நகம் சுத்தமா? குனிந்து ஜெபிக்கும்போது உன் வாய் நாற்றம் அந்த மனுஷனைத் துன்பப்படுத்துகிறதா? கிராமத்துல சைக்கிள் மிதிச்சு ஊழியம் செய்யுற போதகருக்கு இரண்டே சட்டை இருக்கலாம். அதற்கு வெட்கப்பட வேண்டாம். துவைத்துப் போட்டால் போதும். சிறைச்சாலையிலிருந்து வந்த யோசேப்பிடம் என்ன இருந்தது? ஆனாலும் சவரம்பண்ணி, வஸ்திரம் மாற்றித்தான் பார்வோன் முன் நின்றான் (ஆதி. 41:14). சபையாரே, உங்கள் போதகருடைய சட்டைக் காலர் கிழிந்திருக்கிறதை நீங்கள் பார்க்கவில்லையா? அதைப் பேசிச் சிரிக்காமல் ஒரு சட்டை வாங்கிக் கொடுங்கள்.

மறுபக்கமும் உண்டு. நீண்ட அங்கிகளைத் தரித்து, சந்தைவெளிகளில் வணக்கத்தை விரும்பின வேதபாரகரைக் குறித்து எச்சரிக்கையாயிருக்கும்படி இயேசு சொன்னார் (லூக். 20:46). விலையுயர்ந்த வாட்சும் கோட்டும் முன்னே வந்து, சிலுவை பின்னே போய்விடுகிற மேடைகள் இன்றைக்கும் உண்டு. நம் சபைகளில் வெள்ளை உடுத்துகிறோம், நல்லது. ஆனால் வெள்ளையடித்த கல்லறையும் வெள்ளைதான்!

இரண்டாவது, சணல்நூல் சல்லடம் (யாத். 28:42,43). இது உள்ளே போடுகிறது, ஜனங்களுடைய கண்ணில் படுகிற அலங்காரம் அல்ல. அதற்குத்தான் அவ்வளவு பெரிய எச்சரிப்பு! ஊழியக்காரனுடைய அந்தரங்க வாழ்க்கை இது. ராத்திரி பதினொரு மணிக்குக் கதவைச் சாத்திக்கொண்டு உன் செல்போனில் என்ன பார்க்கிறாய்? யாருக்கு மெசேஜ் அனுப்புகிறாய்? ஜெபக்குறிப்பு கேட்கிறேன் என்று தொடங்கி எங்கே போய் முடிகிறது? உன் மனைவி கையில் அந்தப் போனைத் தயங்காமல் கொடுக்க முடியுமா?

மூன்றாவது, அங்கியின் ஓரத்து மணிகள் (யாத். 28:33-35). ஆரோன் உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் சத்தம் கேட்கவேண்டும். ஊழியக்காரனுடைய போக்கும் வரத்தும் எல்லாருக்கும் கேட்கிறதாயிருக்கட்டும். புருஷன் வேலைக்குப் போயிருக்கிற வீட்டுக்குத் தனியாக ஜெபிக்கப் போகாதே. மனைவியையோ ஒரு மூப்பரையோ அழைத்துக்கொண்டு போ. விசுவாசியாத புருஷன் உன்னைப் பார்க்கிறான். பக்கத்து வீட்டார் பார்க்கிறார்கள். நீ உத்தமன்தான், ஆனால் அந்தச் சகோதரியின் பேர் கெட்டால் அதை யார் திரும்பக் கொடுப்பது?

பணத்துக்கும் மணி கட்டவேண்டும். எலிசா வேண்டாமென்றதை கேயாசி ஓடிப்போய்க் கேட்டு வாங்கினான். இரண்டு தாலந்து வெள்ளியும் இரண்டு மாற்று வஸ்திரங்களும் கிடைத்தது. கூடவே நாகமானுடைய குஷ்டமும் வந்து ஒட்டிக்கொண்டது (2 இராஜா. 5). பவுலோ, ஏழைகளுக்கான காணிக்கையைத் தனியாகக் கொண்டுபோகச் சம்மதிக்கவில்லை. கர்த்தருக்கு முன்பாக மாத்திரமல்ல, மனுஷருக்கு முன்பாகவும் குற்றம் வராதபடிக்குச் சகோதரரைக் கூட வைத்துக்கொண்டான் (2 கொரி. 8:19-21). இன்றைக்கு காணிக்கை கைபேசி வழியாகவே வருகிறது. அது சபைக் கணக்குக்குப் போகிறதா, உன் சொந்தக் கணக்குக்குப் போகிறதா? எண்ணுகிறவர்கள் இரண்டு பேராவது இருக்கிறார்களா? வரவு செலவைச் சபைக்கு வாசிக்கிறீர்களா?

1948-ல் அமெரிக்காவில், கலிபோர்னியாவிலுள்ள மொடெஸ்டோ பட்டணத்தில், சுவிசேஷகர் பில்லி கிரஹாமும் உடன் ஊழியர்களும் உட்கார்ந்து, சுவிசேஷகர்கள் எதிலே விழுகிறார்கள் என்று யோசித்தார்கள். பிறகு நான்கு தீர்மானம் எடுத்தார்கள். பணத்துக்காக ஜனங்களை உணர்ச்சிவசப்படுத்துவதில்லை. சொந்த மனைவியைத் தவிர வேறு ஸ்திரீயோடு தனித்திருப்பதில்லை. உள்ளூர் சபைகளைத் தூஷிப்பதில்லை. கூட்டத்தின் எண்ணிக்கையைக் கூட்டிச் சொல்லுவதில்லை. அப்போது அவருக்கு ஏறக்குறைய முப்பது வயதுதான். 2018-ல் 99 வயதில் நித்திரையடைந்தார். விழுந்தபிறகு போட்ட வேலி அல்ல அது, விழுகிறதற்கு முன்னே போட்ட வேலி!

கடைசியாக ஒன்று. பன்னிரண்டு கோத்திரத்தின் நாமங்களும் ஆரோனுடைய இருதயத்தின்மேல் இருந்தன, நாவின்மேல் அல்ல. ஒரு சகோதரி கண்ணீரோடு உன்னிடம் சொன்ன குடும்ப விஷயம், அடுத்த ஞாயிறு பிரசங்கத்தில் உதாரணமாக வரலாமா? பேரைச் சொல்லாவிட்டாலும் ஊருக்குத் தெரியாதா? அதை நெஞ்சில் சுமந்து தேவசமுகத்துக்குக் கொண்டுபோ.

பிரியமானவர்களே, ஒரு மேய்ப்பன் விழுந்தால் அவன் மாத்திரம் விழுகிறதில்லை. அவன் கையால் ஞானஸ்நானம் பெற்றவர்களும், அவன் ஜெபத்தை நம்பி வியாதிப்படுக்கையில் கிடக்கிறவர்களும் தடுமாறிப் போகிறார்கள். ஆனாலும் தொட்டியில் இன்னும் தண்ணீர் இருக்கிறது! அழுக்கு வஸ்திரத்தோடு நின்ற பிரதான ஆசாரியனாகிய யோசுவாவைக் கர்த்தர் துரத்தவில்லை, சிறந்த வஸ்திரத்தைத் தரிப்பித்தார் (சகரியா 3). மறைத்து வைத்திருப்பதை இன்றைக்கே அறிக்கையிட்டு விட்டுவிடுவோம்.

அன்பின் பரலோகப் பிதாவே, உமது ஊழியக்காரர்களைக் கழுவும். வெளியே சுத்தமும் உள்ளே பரிசுத்தமும் தாரும். எங்கள் நிமித்தம் உமது நாமம் தூஷிக்கப்படாதிருப்பதாக. இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறோம், பிதாவே. ஆமென்!