காரிலேயே தங்கிவிடும் புஷ்

லாயாங் லாயாங்கில் மழை மாதங்களில் வண்டி வேலை செய்ய காலைப்பொழுதுதான் தோது. மத்தியானம் திரும்பினால் வானம் இருட்டிவிடும். என் வோக்ஸ்வேகன் பீட்டிலை ஸ்டாண்டில் ஏற்றி, பின் வலது சக்கரத்தைக் கழற்றிவிட்டேன். சாவியைத் திருப்பினால் ஒரு முனகல், அத்தோடு சரி. எஞ்சின் அரைச்சுற்றுகூடச் சுற்றுவதில்லை.

*

பேட்டரி பின்சீட்டுக்கு அடியில். முதலில் எர்த் வயரைக் கழற்றிவிட வேண்டும். பேட்டரியிலிருந்து ஸ்டார்ட்டரின் 30-ஆம் முனைக்கு வரும் தடித்த வயரில் பியூஸ் கிடையாது. சாவி போட்டாலும் போடாவிட்டாலும் அதில் கரண்ட் இருக்கும். ஸ்பேனர் அந்த முனையையும் கியர்பாக்ஸையும் ஒரே நேரத்தில் தொட்டால் பொறி பறக்கும்.

மெல்லிய வயர் 50-ஆம் முனைக்கு. சாவி முன்னால், எஞ்சின் பின்னால். வண்டியின் நீளம் முழுக்க ஓடி வருகிறது அது. வயரும் சுவிட்சும் பழசானால் வரும் வழியிலேயே வோல்ட் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்துவிடும். எஞ்சின் சூடாக இருக்கையில் சொலினாய்டு 'டக்' என்று ஒரு சத்தம் போட்டுவிட்டுச் சும்மா இருந்துவிடும். கியர்பாக்ஸின் மூக்கிலிருந்து பாடிக்குப் போகும் பின்னல் எர்த் பட்டை துருப்பிடித்தாலும் இதே கதைதான். ஒரு குற்றமும் செய்யாத ஸ்டார்ட்டர்கள் இந்த இரண்டு காரணத்துக்காகவே நிறையக் கழற்றப்படுகின்றன. இரண்டையும் மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டேன். நன்றாகவே இருக்கின்றன.

*

ஸ்டார்ட்டரைப் பிடித்திருப்பது இரண்டே நட்டு. இரண்டும் 17 மி.மீ. கீழே இருப்பது கண்ணுக்குத் தெரியும். மேலே உள்ளது ஸ்டார்ட்டரை மட்டும் பிடிக்கவில்லை, எஞ்சினையும் கியர்பாக்ஸோடு சேர்த்துப் பிடித்திருக்கிறது. அதன் நட்டு எஞ்சின் அறையில், காற்றாடிக் கூட்டுக்குப் பின்னால். எந்தப் பக்கம் குனிந்தாலும் தெரியாது. கையை விட்டுத் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

கண்ணை மூடிக்கொண்டால் சுலபம். திறந்திருந்தால் கண் தெரிந்ததையே பார்த்துக்கொண்டிருக்கும், விரல் சொல்வது காதில் விழாது. முதலில் தகரத்தின் விளிம்பு, பிறகு எண்ணெய்ப் பிசுக்கு, பிறகு ஆறு முகம். ஸ்பேனர் உட்கார்ந்த பிறகும் ஒரு தடவைக்கு அதிகம் திருப்ப இடமில்லை. திருப்பி, எடுத்து, மறுபடி வைத்து. அவசரக்காரனுக்கு இந்த நட்டு இறங்காது. போல்ட்டின் தலையை ஒரு பக்கம் தட்டையாகச் சீவியிருக்கிறார்கள். அது ஸ்டார்ட்டரின் உடம்பில் முட்டிக்கொண்டு கூடவே சுற்றாமல் நிற்கும். அந்தப் பக்கம் பிடித்துக்கொள்ள இன்னோர் ஆள் வேண்டாம். வடிவமைத்தவர் தனியாக வேலை செய்கிறவனையும் நினைத்திருக்கிறார்.

*

ஷா ஆலமில் 1968 வாக்கில் சாம்பியன் மோட்டார்ஸ் தொழிற்சாலையில் இந்த வோக்ஸ்வேகன்களைப் பூட்டினார்கள். உலகம் முழுக்க 2 கோடியே 15 லட்சத்துக்கும் மேல் பீட்டில்கள் செய்து, 2003 ஜூலையில் மெக்சிகோவின் புவெப்லாவில் கடைசி ஒன்றை இறக்கிவிட்டு வோக்ஸ்வேகன்காரர்கள் நிறுத்திக்கொண்டார்கள். ரேடியேட்டர் இல்லை, தண்ணீர் ஊற்றுகிற வேலை இல்லை. ஸ்டார்ட்டர் செத்தாலும் கவலைப்படாத வண்டி இது: 800 கிலோ சொச்சம்தான் எடை. தோட்டத்து மேட்டில் நிறுத்தி, உருளவிட்டு, இரண்டாவது கியரில் கிளட்சை விட்டால் பிடித்துக்கொள்ளும். சமதரை என்றால் இரண்டு பேர் தள்ள வேண்டும். இதையே பழக்கமாக்கிக்கொண்டு வருஷக்கணக்கில் மேடு தேடி நிறுத்துகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை.

*

ஸ்டார்ட்டர் வெளியே வந்துவிட்டது. அது இருந்த ஓட்டைக்குள் விரலை விட்டால், கியர்பாக்ஸ் உடம்பிலேயே பதிந்திருக்கும் புஷ் தட்டுப்படும். விரல்நுனி அளவு வெண்கலக் குழல். ஸ்டார்ட்டர் தண்டின் நுனி சுற்றுவது இதற்குள்ளேதான். மோட்டாரின் ஒரு முனையைத் தாங்குகிற பொருள் மோட்டாரில் இல்லை, காரில் இருக்கிறது. புது ஸ்டார்ட்டர் பெட்டியிலும் அது பெரும்பாலும் வராது.

தடவிப் பார்த்தேன். வட்டமாக இல்லை, ஒரு பக்கம் பள்ளம் விழுந்து முட்டை வடிவமாகிவிட்டது. புஷ் தேய்ந்தால் தண்டு சாயும். தண்டு சாய்ந்தால் உள்ளே சுற்றுகிற ஆர்மேச்சர் சுற்றியிருக்கும் காந்தக் கட்டைகளில் உரசும். உரசிக்கொண்டே பேட்டரியை உறிஞ்சும், சுற்றாது. அதுதான் அந்த முனகல். புது மோட்டாரைப் பழைய புஷ்ஷில் மாட்டினால் கொஞ்ச நாளில் அதுவும் முனக ஆரம்பிக்கும், மோட்டார் மட்டம் என்று கடைக்காரரைத் திட்டலாம்.

குளுவாங் சாமான் கடையில் புது மோட்டார் கேட்டேன். புஷ்ஷைப் பற்றி நான் வாயைத் திறக்குமுன்பே கடைக்கார அண்ணன் கேட்டார்: "மோட்டார் மட்டும் வாங்கிட்டுப் போனா எப்படிலா தம்பி? புஷ்ஷு?" வண்டி 6 வோல்ட்டா 12 வோல்ட்டா என்பது அடுத்த கேள்வி. இரண்டுக்கும் புஷ் வேறு, பிளைவீலும் வேறு: 6 வோல்ட்டில் 109 பல், 12 வோல்ட்டில் 130. இந்த வயதுள்ள வண்டியில் யார் எதை எப்போது மாற்றினார்கள் என்பதற்குச் சாட்சி கிடையாது. பல்லை எண்ணித்தான் சொல்ல வேண்டும். எண்ணியிருந்தேன். 12 வோல்ட்டுக்கு உரியதைக் கொடுத்தார். மோட்டார் விலையோடு ஒப்பிட்டால் அது ஒரு விலையே இல்லை.

*

பழைய புஷ்ஷுக்குள் மரை வெட்டும் டேப்பைத் திருகி, பிடித்து இழுத்தால் வந்துவிடும். புதியதை முந்தின இரவே எண்ணெயில் ஊறப்போட்டிருந்தேன். இந்த வெண்கலம் கட்டியாக வார்த்ததல்ல, தூளை அழுத்திச் சுட்டது. நுண்துளைகளில் எண்ணெய் ஏறி நிற்கும். துணியால் துடைத்தாலும் சிறிது நேரத்தில் மேலே மறுபடி ஈரம் மினுக்குகிறது. கோணாமல் தட்டி இறக்கினேன். தண்டு உள்ளே போனபோது ஆட்டமில்லை, இறுக்கமும் இல்லை.

*

புது மோட்டார் ஒரு நொடியில் எஞ்சினைச் சுற்றிவிட்டு விலகிக்கொண்டது. ஒரு குதிரைத்திறன்கூட இல்லாத மோட்டார். நாளெல்லாம் வண்டி ஓடினாலும் அதற்கு வேலை அவ்வளவுதான்.

பழையதைப் பிரித்துப் பார்த்தேன். ஆர்மேச்சரில் ஒரு பட்டை பளபளவென்று தேய்ந்திருக்கிறது. எதிரே காந்தக் கட்டையிலும் அதே அகலத்தில் ஒரு தழும்பு. பிரஷ்கள் பாதிக்கு மேல் மிச்சம் இருக்கின்றன. காயிலில் கருகல் வாடை இல்லை. ஆர்மேச்சரைக் கடைசல் பிடித்தால் இன்னும் ஓடும். குளுவாங்கில் கொடுத்துச் சரிசெய்து வைக்கலாம் என்றிருக்கிறேன், பீட்டில் வைத்திருக்கிற யாராவது வந்து கேட்பார்கள். கொடுக்கிறபோது ஒரு புஷ்ஷையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.