பந்தியின் கடைசி இலை

முகூர்த்த நாளில் கல்யாண மண்டபத்துச் சாப்பாட்டுக் கூடத்தைக் கவனியுங்கள். பரிமாறுகிறவர்களில் பலர் அன்றைய சம்பளத்துக்கு வந்த கல்லூரிப் பையன்கள். விடிகாலையில்தான் ஒருவரையொருவர் பார்த்திருப்பார்கள். அவர்களை ஒரு குழுவாக்குகிறவர் கேட்டரிங் சூப்பர்வைசர்.

முதல் பந்திக்கு முன் அவர் சொல்லித் தருவது கொஞ்சம்தான். இலையின் நுனி சாப்பிடுகிறவருக்கு இடப்பக்கம் இருக்க வேண்டும். உப்பும் ஊறுகாயும் மேல் ஓரத்தில். சாம்பார் சாதம் முடிகிற நேரத்தில் ரச வாளி பக்கத்தில் நிற்க வேண்டும். மற்றதெல்லாம் கண்ணால்தான். வரிசையின் முனையில் நின்று, எந்த இலையில் சோறு தீர்ந்து கை காத்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டே இருப்பார். அவர் தலையசைத்தால் மோர் அங்கே போய்விடும்.

ஒரு கல்யாணத்தில் ஒரு பையன் கை நடுங்கி, பெரியவர் ஒருவரின் வேட்டியில் ரசத்தைச் சிந்திவிட்டான். சூப்பர்வைசர் அவனை அதட்டவில்லை. பெரியவரிடம் தானே மன்னிப்புக் கேட்டு, ஈரத்துணி கொடுத்தார். பிறகு வாளியை வாங்கிக்கொண்டு, "தம்பி, இப்ப நீ தண்ணி பாட்டில் வை. அடுத்த பந்தில வாளி எடுத்துக்கலாம்" என்றார். அடுத்த பந்தியில் அந்தக் கை நடுங்கவில்லை.

எனக்கு அதைவிடப் பெரிதாகப் பட்டது கடைசிப் பந்தி. விருந்தாளிகள் எல்லோரும் எழுந்த பிறகு, இலை எடுத்த அம்மாவையும் பையன்களையும் உட்காரவைத்து, பாயசம் மிச்சமிருக்கிறதா என்று சமையற்கட்டில் எட்டிப் பார்த்தார். அவருக்கான இலை அதற்குப் பிறகுதான் விழுந்தது.