சும்மா உட்கார ஒரு மலை

சித்திரை பிறந்தால் எங்கள் கரிசல் காடு கால் நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும். வேப்பமர நிழலிலும் வெக்கை அடிக்கும். அந்த மாதத்தில்தான் கோவில்பட்டி வீடுகளில் கொடைக்கானல் பேச்சு தொடங்கும். எங்கள் வீட்டிலும் தொடங்கிவிட்டது. மகள் நோட்டில் பட்டியல் போட்டுவிட்டாள்: தூண் பாறை, குணா குகை, பைன் காடு, கோக்கர்ஸ் வாக், பிரையண்ட் பூங்கா, பூம்பாறை, மன்னவனூர், இன்னும் ஏழு. இரண்டு நாளில் 14 இடம்.

அம்மா அதைக் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள்: "ஏய்யா, அங்க சும்மா உக்காந்திருக்க எடம் உண்டா?"

நான்கு வருடத்துக்கு முன் போன பயணம் நினைவுக்கு வந்தது. ராத்திரியெல்லாம் வேன். வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறியதும் அம்மாவுக்கு வாந்தி. ஒவ்வொரு இடத்திலும் இருபது நிமிடம். மூட்டுவலியோடு ஏறி இறங்க முடியாமல் பாதி இடங்களில் அவள் வேனுக்குள்ளேயே இருந்தாள். ஊர் திரும்பியதும் பக்கத்து வீட்டு மதினி, "எத்தன எடம் பாத்தீங்க?" என்று கேட்டார். நான் பெருமையாக எண்ணிச் சொன்னேன். அது இன்றும் உறுத்துகிறது.

இந்த எண்ணும் பழக்கம் எங்கிருந்து வந்தது? மானம் பார்த்த பூமி இது. ஐப்பசி, கார்த்திகை மழை பொய்த்தால் பருத்தியும் கம்பும் போயிற்று. வெள்ளாமை இல்லாத வருடங்களில் எங்களைக் காப்பாற்றியது தீப்பெட்டி. அம்மா முப்பது வருடம் திண்ணையில் உட்கார்ந்து பெட்டி ஒட்டினாள். கூலி குரோசுக் கணக்கு. 144 பெட்டி ஒரு குரோசு. எத்தனை ஒட்டினாளோ அதுதான் அன்றைய நாள். கையைச் சும்மா வைத்திருக்க எங்கள் வீட்டில் யாரும் பழகவே இல்லை. அந்தக் குரோசுக் கணக்கையே மலைக்கும் தூக்கிக்கொண்டு போயிருக்கிறோம்.

கொடைக்கானல் நகரம் உண்டானதே இளைப்பாறத்தான். சமவெளியின் வெயிலும் நோயும் தாங்காமல், பளியர்கள் வாழ்ந்த அந்த மலையில் 7,000 அடிக்கு மேல் ஏறி, 1845-ல் அமெரிக்க மிஷனரிகள் வீடு கட்டிக்கொண்டார்கள். 1863-ல் மதுரைக் கலெக்டர் லெவிஞ்ச் ஓடையை மறித்துக் கரை போட்டு ஏரியை உண்டாக்கினார். கரை கட்டி நிறுத்திய தண்ணீர் என்றால் நமக்குக் கண்மாய் மாதிரிதான். எங்கள் கண்மாய் நிறைந்த வருடங்களை அம்மா விரல் விட்டு எண்ணிவிடுவாள். கரை தொட்டுக் கிடக்கும் தண்ணீரை அவள் ஒரு பகல் முழுக்கப் பார்த்துக்கொண்டு இருக்கட்டும்.

பட்டியலை அடித்துவிட்டோம். மூன்று இரவு, ஏரிக்கு நடந்து போகும் தூரத்தில், படி ஏற வேண்டாத அறை. கூட்டம் குறைந்த வாரநாட்கள். காலையில் கிளம்பி மதுரையில் சாப்பிட்டு மெதுவாக மலை ஏறுவது. 2024 மே முதல் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி கொடைக்கானல் போக இ-பாஸ் வந்ததைப் பலர் அலுத்துக்கொள்கிறார்கள். எனக்கு அது சரியாகவே படுகிறது. மலைக்கும் தாங்கும் அளவு உண்டு. பிள்ளைகளுக்கு ஓடியாட வேண்டும், அதுவும் நியாயம். அவர்களுக்காகப் பூம்பாறையை மட்டும் வைத்திருக்கிறோம்.

உங்கள் வீட்டிலும் ஒரு பட்டியல் தயாராகியிருக்கும். வண்டிக்கு முன்பணம் கொடுக்கும் முன், வீட்டில் மூத்தவருக்கு அதை ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள். அவர் என்ன கேட்கிறாரோ, அதிலிருந்து பயணத்தைத் தொடங்குங்கள்.