வெற்றியும் தகுதியும்

வென்றவனைப் புகழ்தலும் தோற்றவனை மறத்தலும் உலகத்தார் இயல்பு. ஒருவன் செய்த செயலை ஆராய்வதற்குப் பொறுமை வேண்டும். அவன் பெற்ற பயனைக் காண்பதற்குக் கண் ஒன்றே போதும். ஆதலின், பயனையே தகுதியெனக் கொள்ளும் பிழை எங்கும் பரவிக் கிடக்கின்றது. இப்பிழையைத் தெளிவுறக் காட்டுதற்கு, மேனாட்டார் ஆடும் பேக்கேமன் என்னும் பகடையாட்டம் ஏற்ற சான்றாகும்.

“பகடையாட்டத்தில் தகுதி ஏது? வள்ளுவனார் ஓர் அதிகாரம் வகுத்துக் கடிந்த சூதன்றோ அது?” என அன்பர் சிலர் வினவக்கூடும். பணையம் வைத்துக் குடிகெடுப்பதை நாமும் வெறுக்கிறோம். ஆயினும் ஈண்டு நாம் ஆராய்வது பணையத்தை யன்று, ஆடுவோர் அறிவை. 24 கட்டங்கள், ஒவ்வொருவருக்கும் 15 காய்கள், இரண்டு பகடைகள்: இவையே கருவிகள். எந்த எண் விழும் என்பது எவர் கையிலும் இல்லை. விழுந்த எண்ணைக் கொண்டு எக்காயை நகர்த்துவது என்பதோ முற்றும் ஆடுவோன் பொறுப்பு.

1979-ஆம் ஆண்டு மாண்டிகார்லோ நகரில், இத்தாலியரான லூயிஜி வில்லா உலகப் பட்டம் பெற்றார். பெற்ற கையோடு, ஹான்ஸ் பெர்லினர் என்னும் அமெரிக்கப் பேராசிரியர் இயற்றிய கணினி நிரலொன்றுடன் ஆடி, 7-க்கு 1 என்னும் கணக்கில் தோற்றார். உலக வீரரை இயந்திரம் வென்றது கண்டு பலரும் வியந்தனர். ஆனால் அப்போட்டியைப் பின்னர் நுணுகி ஆராய்ந்த பெர்லினரே, நகர்வுகளில் சிறந்தவை வில்லாவினுடையவை என்றும், தம் நிரலுக்குப் பகடை துணை நின்றது என்றும் எழுதினார். தம் படைப்பின் வெற்றியைத் தாமே குறைத்துரைத்த அந்நேர்மை போற்றத்தக்கது.

சரியான முடிவு தோல்வியிலும் முடியலாம் என்பதற்கு ஆட்டத்தின் விதியிலேயே மற்றொரு சான்றுண்டு. 1920-களில் நியூயார்க்கில் தோன்றிய வழக்கப்படி, ஆட்டத்தின் மதிப்பை இரட்டிப்போம் என ஒருவன் அறைகூவலாம். மற்றவன் மறுத்தால் ஒரு புள்ளியை இழந்து விலகவேண்டும்; ஏற்றால் இரண்டு புள்ளிக்கு ஆடவேண்டும். நான்கில் ஒரு முறையே வெல்லும் வாய்ப்புடையவன் யாது செய்வது? நான்கு முறையும் மறுத்தால் 4 புள்ளி இழப்பான். நான்கு முறையும் ஏற்றால், மூன்றில் 6 இழந்து ஒன்றில் 2 பெறுவான். இழப்பு அதே 4. வாய்ப்பு இதனினும் சிறிது மிகுமாயின், ஏற்பதே அறிவுடைமை. அங்ஙனம் ஏற்பவன் பன்முறை தோற்பான். தோற்றும் அவன் செய்தது சரியே.

இதனால், தோல்வி யனைத்தையும் பகடைமேல் சுமத்திவிடலாம் என எவரும் மகிழவேண்டா. ஓர் ஆட்டத்தில் பகடை ஆளலாம். பல்லாண்டு ஆட்டத்தில் அறிவே மேலோங்கும். ஜப்பானியரான மொச்சிசுகி 2009-இல் உலகப் பட்டம் வென்று, 2021-இல் மீண்டும் வென்றமை வெறும் பகடையின் அருள் ஆகாது.

இக்காலத்தில் அறிவை அளக்கக் கருவியும் வந்துளது. 1990-களின் தொடக்கத்தில் ஜெரால்டு டெசாரோ என்பார், தன்னோடு தானே ஆடிக் கற்கும் நிரலை ஆக்கினார். அவ்வழி வந்த நிரல்கள், ஒருவர் ஒவ்வொரு முடிவிலும் இழைத்த பிழையைக் கணக்கிட்டுச் சராசரி கூறுகின்றன. பட்டங்களை எண்ணுவதினும் பிழைகளை எண்ணுதல் நேரிய முறையே. ஆயினும் அவ்வெண் ஒன்றே போதுமோ? போதாது என்பது நம் கருத்து. பால் மேக்ரீல் 1976-இல் இவ்வாட்டம் பற்றி அரிய நூல் இயற்றினார். 1978-இல் உலகப் பட்டமும் வென்றார். இன்றைய நிரல் கொண்டு அளந்தால் அத்தலைமுறையினர் ஆட்டத்தில் பிழை மிகுதியாகத் தோன்றும். காட்டில் வழி வெட்டியவரையும், அவ்வழியே பின்னர் நடந்தவரையும் ஒரே கடிகாரம் கொண்டு அளத்தல் நீதியாகுமோ?

இந்நீதி பகடைப் பலகையோடு நிற்பதன்று. ரப்பர்த் தோட்டத்தில் பால் எடையை நாள்தோறும் ஏட்டில் பதியும் கிராணிகளாகிய நாம், எடை குறைந்த தொழிலாளரைச் சோம்பர் எனக் கருதிய நாட்கள் உண்டு. அவருக்கு வாய்த்த நிரை முதிர்ந்து பால் வற்றிய மரங்கள் உடையது என்பதை ஏடு கூறாது. நாமும் சென்று பார்த்தோமில்லை. அவர் பெயருக்கு நேரே சிறிய எண்ணை எழுதினோம். அவ்வெண்ணையே அவராகக் கொண்டோம். அது நாம் இழைத்த பிழை.

ஒருவர் வாழ்நாட் சாதனையை எடைபோடப் புகுவோர் முதலில் கேட்கவேண்டியது, அவருக்கு விழுந்த எண் யாது என்பது. அடுத்து, அந்நாளில் அவர் அறிந்திருக்கக்கூடியது எவ்வளவு, அவ்வறிவைக் கொண்டு அவர் எவ்வாறு நடந்தார் என்பவை. இவற்றை வினவிய பின்னரே பட்டத்தையும் பரிசையும் நோக்குவோமாக. நாளை நம் கணக்கைப் பிறர் பார்க்கும்போதும், இம்முறையிலேயே பார்க்கவேண்டும் என்பதன்றோ நம் விருப்பம்?